மூடி என்னிடம் இருந்தது

2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். கடத்தூர்ப் பக்கம் முழுவதும் மூடுபனி. எதிர்வீட்டு விளக்கு மட்டும் மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. காற்று சிறிதும் அசையவில்லை.

அந்த நேரத்தில், என் மருமகள் படுக்கும் அறையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய குழலின் வாயை நான் மூடினேன். எங்கள் வீட்டுக் காற்று நல்ல காற்று என்று ஒரு பொய்யான தாள் வரும்படி செய்தேன். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே காற்றில் அவள் விழுந்தாள்.

இதுதான் நான் செய்தது. சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாதியில் தாளை மூடி வைத்துவிட்டால்? அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கீட்டாளராக இருந்தவன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, அட்டையில் எண் எழுதிக் கொடுப்பது என் வேலை. மீட்டரை ஏமாற்றியவர்களை நான் விட்டதில்லை. காந்தம் வைத்தவர்கள், கம்பியைத் திருப்பிப் போட்டவர்கள் என்று பதினான்கு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவர் என் சொந்த அத்தை மகன். எண்ணில் பொய் சொல்பவன் எதிலும் பொய் சொல்வான் என்று அன்றைக்கு அவர் வாசலில் நின்று சொன்னேன். இப்போது அந்த வாக்கியம் எனக்கு அடிக்கடி கேட்கிறது... என் குரலிலேயே கேட்கிறது.

என் மகன் அந்தோணி பட்டுப்புழு வளர்க்கிறான். எங்கள் பக்கத்தில் மல்பெரித் தோட்டம் உள்ள பலரும் செய்வதுதான். வசதி உள்ளவர்கள் புழுவுக்குத் தனிக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அது இல்லை. ஓட்டு வீட்டின் நடுக்கூடமே புழு மனை. அடுக்கடுக்காகத் தட்டுகள். கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. நடுவில் கதவு கிடையாது, ஒரு சேலைத் திரை மட்டும். அங்கேதான் மருமகள் ஜெயமேரி படுப்பாள். விடியும் முன் எழுந்து புழுவுக்குத் தழை போட வேண்டும் அல்லவா? அந்தோணி பால் வண்டி ஓட்டுகிறவன்; இரவு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவான். பேத்தி சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் முன்னறையில் படுப்பேன். சன்னலைத் திறந்து வைத்துத்தான் படுப்பேன். எனக்கு மூச்சு முட்டும் என்று பயம்.

இதைக் கவனியுங்கள். என் சன்னல் திறந்திருந்தது.

குளிர்காலத்தில் புழுவுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்தால் தழை தின்னாது, கூடு சிறுத்துப் போகும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று மின்சார ஹீட்டர். மற்றொன்று, பழைய இரும்புச் சட்டியில் கரியைக் கனலவிட்டுக் கூடத்தில் வைத்து, சன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டுவது.

கரிதான் என்று முடிவு செய்தவன் நான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்ப்பார்கள். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஓய்வுபெற்றதிலிருந்து என் வீடு ஒருமுறைகூட ஐந்நூறைத் தாண்டியதில்லை. நானூற்று எண்பத்தாறு, நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு... கடைசி வாரத்தில் தினமும் மீட்டர் முன் நின்று பார்ப்பேன். ஃபேனை அணைத்துவிட்டு விசிறிக்கொண்டு உட்காருவேன். இதைப் பெருமை என்றா சொல்வது? எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது! ஹீட்டர் ஓட்டினால் ஒரு குளிர்காலத்துக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டேன். கரிக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. மிச்சம் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

மூன்று குளிர்காலம் கரி எரிந்தது. மூன்று குளிர்காலமும் மேரி இருமினாள். காலையில் தலை கனக்கிறது என்பாள். கண் எரிகிறது என்பாள். தனிக் கொட்டகை போடலாம், இல்லாவிட்டால் ஹீட்டராவது வாங்கலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அந்தோணி என் முகத்தைப் பார்ப்பான். நான் மீட்டரைப் பார்ப்பேன்.

அவள் சண்டை போடுகிறவள் அல்ல. ஆனால் விவரமானவள். மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு கல்லூரி ஆசிரியை வந்திருந்தார். நித்யா என்று பெயர். முப்பது வயது இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் காற்றைச் சோதிக்கிறோம், புழு வளர்க்கும் எட்டு வீடுகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதலில் கை தூக்கியவள் மேரி. வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

ஜனவரி 22, திங்கட்கிழமை, நித்யா வந்தார். பெரிய இயந்திரம் ஏதோ வரப்போகிறது, எத்தனை யூனிட் இழுக்குமோ என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையிலிருந்து எடுத்தது என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழல்.

"இதுக்கு கரண்ட் வேண்டாம், பம்பும் வேண்டாம் சார். விலையும் கம்மி. காத்து தானா உள்ள போகும்."

அவர் விளக்கியது எனக்கு உடனே புரிந்தது. குழலின் மேல்முனையில், சிவப்பு மூடிக்குள், மருந்து தடவிய ஒரு சிறு வலை. கீழ்முனை திறந்திருக்கும். கரிப்புகையில் உள்ள ஒரு வாயு மெல்ல மேலே ஏறி அந்த வலையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்துக் கீழ்முனையையும் மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பி, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த அளவை, குழல் எத்தனை மணி நேரம் திறந்திருந்ததோ அதனால் வகுத்தால் காற்றில் அந்த வாயு எவ்வளவு என்று வந்துவிடும். இது பிடிப்பது ஒரு வாயுவைத்தான். ஆனால் அது மிகுந்திருக்கும் வீட்டில், மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் மற்ற வாயுவும் இருக்கிறதா என்று அடுத்ததாகப் பார்ப்போம் என்றார்.

முள் இல்லை, எண் இல்லை. உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கும், ஆனால் நம்மிடம் சொல்லாது! முப்பத்தோரு வருடம் எத்தனையோ மீட்டர் பார்த்திருக்கிறேன். பார்க்க முடியாத மீட்டர் என் வீட்டுக்குள் வந்தது அன்றுதான்.

மேரியின் கட்டிலருகே, படுத்திருப்பவளின் மூக்கு உயரத்தில், நூலில் கட்டி அதைத் தொங்கவிட்டார்கள். கீழ்மூடியைக் கழற்றிய நேரம் பத்து மணி இருபது நிமிடம். தாளில் எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். அந்தக் கீழ்மூடிக்கு நிறம் கிடையாது. குழலைப் போலவே கண்ணாடி மாதிரி இருக்கும், கடலைப் பருப்பு அளவு. அதைத் தொலைத்துவிடாதீர்கள், எடுக்கும் அன்றைக்கு இதனால்தான் மூட வேண்டும் என்று நித்யா மேரியின் கையில் கொடுத்தார்.

மேரி அதை என்னிடம் நீட்டினாள்.

"நான் தழைக்குப் போற அவசரத்துல எங்கயாச்சும் போட்ருவனுங்க. மாமாகிட்ட இருக்கட்டும். அவரு ஒரு குண்டூசி கூட தொலைக்க மாட்டாரு."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. கூடத்தில் கரி கனன்றது. திரைக்கு அந்தப் பக்கம் மேரி இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் அந்தக் குழல் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோல் எனக்குத் தோன்றியது. அது இருமலை எண்ணாது என்று தெரியும்... தெரிந்தும் தோன்றியது.

எதற்குப் பயந்தேன்? பணத்துக்கா? அப்படித்தான் வெகுநாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். கஞ்சன் என்று பெயர் வாங்கிக்கொள்வது எளிது; ஊரே சிரித்துவிட்டு மறந்துவிடும். உண்மை வேறு. அந்த எண் பெரிதாக வந்தால், மூன்று வருடமாக ஒரு பெண்ணை நஞ்சுக்குள் படுக்க வைத்தவன் நான் என்று எழுத்தில் வந்துவிடும். வாழ்நாள் முழுவதும் எண்ணைக் காட்டி மற்றவர்களைத் தலைகுனிய வைத்தவனுக்கு எதிராக ஓர் எண்! அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

காலையில் மேரி கத்தியும் கூடையுமாகத் தோட்டத்துக்குப் போனாள். பனிக்குள் நான்கு எட்டு வைத்ததும் மறைந்துவிட்டாள். நான் திரையை விலக்கினேன். கட்டிலில் அவளுடைய போர்வை மடித்து வைத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்தேன். முதல்முறை பொருந்தவில்லை. இரண்டாம் முறை பொருந்தியது. சத்தமே வரவில்லை.

பத்தொன்பது மணி நேரம் ஐம்பது நிமிடம். அந்தக் குழல் காற்றைப் பார்த்தது அவ்வளவுதான்.

வாய் கீழ்நோக்கி இருந்ததாலும், மூடிக்கு நிறமில்லாததாலும், கண்ணருகே பிடித்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. மேரி பிடித்துப் பார்க்கவில்லை. தொட்டால் கெட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஒரு மாலை, கரி பற்ற வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "மாமா, அது இப்ப காத்த எண்ணிட்டு இருக்குமுங்களா?"

"எண்ணும்மா" என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. அதுவரை அவள் படுக்கும்போது, எனக்குத் தெரியாமல், தலைமாட்டுச் சன்னலின் தார்ப்பாயை விரலளவு விலக்கி வைப்பாளாம். குழல் தொங்கிய பதினான்கு நாளும் அதை இறுக்கிக் கட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "சன்னல தொறந்து வச்சா அது தப்பா எண்ணிப்புடுமில்லீங்க? அப்பறம் நான் ஏமாத்துன மாதிரி ஆயிருமுங்க" என்றாள்.

அவள் ஏமாற்றக்கூடாது என்று மூச்சை இறுக்கிக்கொண்டு படுத்தாள். நான் மூடிய குழலுக்கு அடியில்!

அப்போதாவது மூடியைக் கழற்றியிருக்கலாம். அன்று ஆறாம் நாள். மீதி எட்டு நாள் இருந்தது. கழற்றினேனா? இல்லை. பாதி நாள் மூடியிருந்து கழற்றினால் கணக்கு குழம்புமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படிப்பட்ட மனம் பாருங்கள்... பொய்யிலும் கணக்குச் சுத்தம் தேடியது.

பிப்ரவரி 5, திங்கட்கிழமை நித்யா வந்தார். அவர் செருப்பைக் கழற்றும்போதே, நான் மூடிவிட்டேன் என்று குழலைக் கையில் கொடுத்தேன். தாளில் முடிந்த நேரம் பத்து இருபது என்று எழுதினேன். "கரெக்டா பத்து இருபதா சார்? நிமிஷம்கூட பிசகலையே" என்று அவர் சிரித்தார். மேரியும் சிரித்தாள்.

முந்நூற்று முப்பத்தாறு மணி நேரம் என்று அவர்கள் வகுப்பார்கள். உண்மையில் இருபது மணி நேரம்கூட இல்லை. அளவு ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காற்றைப் பற்றி நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. நேரத்தில்தான் எழுதினேன். எவ்வளவு சின்னப் பொய் பாருங்கள், ஒரு தேதியும் ஒரு மணியும்!

மார்ச்சில் முடிவு வந்தது. ஏழு வீடுகளில் அளவு மிகுதி. எங்கள் வீட்டில் மட்டும், அளக்க முடிந்ததே கொஞ்சம்தான். நித்யாவே நேரில் வந்தார். முகத்தில் குழப்பம்.

"உங்க வீட்லயும் கரிதான் போடறீங்க. எப்படி சார் இவ்வளவு கம்மியா வரும்? தப்பா நினைக்காதீங்க... இடையில குழல் மூடியிருந்துச்சா?"

கேட்டுவிட்டார்! வாசல் திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவறுதலாக மூடிவிட்டேன், கிழவனுக்குக் கை நடுக்கம், மறுபடியும் வையுங்கள் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பொய் அவளைக் காப்பாற்றியிருக்கும்.

"முப்பத்தோரு வருஷம் மீட்டர் பாத்தவன்ம்மா நான்" என்றேன்.

பக்கத்தில் மேரி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது; அவள் எதிர்பார்த்த எண் அது அல்ல. ஆனாலும் சொன்னாள்: "மாமா கணக்குல பிசகு வராதுங்க மேடம்."

அதோடு விட்டேனா? எங்கள் ஓட்டுக் கூரையில் இடுக்கு அதிகம், புகை அதன் வழியாகப் போய்விடும் என்று நானாக ஒரு காரணமும் சொன்னேன். நித்யா அதையும் குறித்துக்கொண்டார். பிறகு வேறு இரண்டு வீடுகளில் கரியை நிறுத்தாமல் கூரை ஓடுகளைக் கொஞ்சம் விலக்கி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த இரண்டு வீட்டு வாசலையும் தாண்டும்போது, உள்ளே யாராவது பேசும் சத்தம் வருகிறதா என்று இன்றுவரை காது கொடுத்துக் கேட்கிறேன்.

அப்போது தவக்காலம். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நானும் வரிசையில் நின்றேன். மண்டியிட்டேன். வாய் திறந்தபோது வந்தது இதுதான்: மின்சாரத்தை மிச்சம் பிடித்து வீட்டாரைத் துன்புறுத்தினேன், சுவாமி. சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. சிக்கனம் பாவமில்லை, ஆனால் அன்போடு இருங்கள், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மூன்றுக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதன்பிறகு மேரிக்குப் பேச வழியில்லாமல் போயிற்று. இருமினால் அந்தோணி கேலி செய்வான்: "லேப்லயே காத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. உனக்கு மட்டும் தனியா காத்து வருதா மேரி?" அவன் கெட்டவன் அல்ல. தாளை நம்பினான். தாளை நம்ப வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார்?

மேரியும் நம்பினாள். அதுதான் கொடுமை. காற்றில் ஒன்றுமில்லை, தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று முடிவுகட்டிவிட்டாள். தலைமாட்டுச் சன்னலின் தார்ப்பாயை அவள் மறுபடி விலக்கவேயில்லை.

அடுத்த குளிர்காலம் வந்தது. பயமில்லை என்று ஆகிவிட்டதால் அந்தோணி இரண்டு அடுக்கு கூடுதலாக வைத்தான். ஒரு சட்டி இரண்டு சட்டியானது. இரவில் எழுந்து எழுந்து திரைக்கு வெளியே நின்று, அவள் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் வந்து படுத்துக்கொள்வேன். அப்படிக் கவலைப்படுவதே ஒரு பரிகாரம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. சட்டியை வெளியே தூக்கி வைக்க எனக்குக் கை இருந்தது, தூக்கவில்லை. தூக்கினால், ஏன் என்று கேட்பார்களே!

2025, பொங்கல் முடிந்த மறு வாரம். காலை ஐந்து நாற்பது. தழைக் கூடை நகரும் சத்தம் வர வேண்டிய நேரம், வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன்? அந்த ஐந்து நிமிடத்துக்கும் யாரிடம் பதில் சொல்வேன்?

கூடத்தில், தட்டுகளுக்கு நடுவே அவள் கவிழ்ந்து கிடந்தாள். பாதித் தட்டுகளுக்குத் தழை போட்டிருந்தாள். கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. முதல் நொடி, தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

இழுத்து வெளியே போட்டேன். கத்தினேன். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் தருமபுரிக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து சேலம். பிராணவாயு வைத்தார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தாள். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஆண்டவர் காப்பாற்றிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் மற்றது தொடங்கியது. மணமில்லாத அந்தக் கரிப்புகை வாயு ஏறினால் அப்படியும் ஆவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். முதலில் நடை மெதுவானது. பிறகு பொருள்களின் பெயர் மறந்தது. பழையதெல்லாம் நினைவிருக்கிறது, புதிதாகச் சொல்வது மறுநாள் காலைவரை தங்குவதில்லை.

நித்யா மருத்துவமனைக்கும் வந்திருந்தார். நடைக்கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "ரெண்டாவது குழல் ஒண்ணு வச்சிருக்கணும் சார். சந்தேகம் வந்தும் விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் முன்னாலும் நான் வாய் திறக்கவில்லை. என் பாரத்தில் ஒரு பகுதியை அவர் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம். வீட்டில் நானும் மேரியும் மட்டும். தழை வெட்டும் கத்தியை எடுத்துவந்து என் முன் நீட்டினாள்.

"மாமா, இதுக்குப் பேரு என்னங்க?"

"கத்தி" என்றேன். "கத்தி, கத்தி" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இருபது வருடம் அவள் கையிலேயே இருந்த கத்தி. எனக்குள் ஏதோ உடைந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, பனி, ஆறு மணி பத்து நிமிடம், எல்லாம். அவள் கோபப்படுவாள், அழுவாள், அந்தக் கத்தியையே வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீச வேண்டும் என்று விரும்பினேன்.

அவள் மெல்ல யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதம் கழித்து அப்படி மலர்ந்தது!

"அப்ப நெசமாவே அது கெட்ட காத்துதானுங்களா மாமா? நான் பொய்யா இருமலீங்களே?"

"இல்லம்மா. நீ பொய் சொல்லல."

"அவருகிட்ட சொல்லணுமுங்க" என்றாள். சாயங்காலம் அந்தோணி வந்ததும் சொல்வதாக நான் வாக்குக் கொடுத்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று வண்டி பொம்மிடியில் பழுதாகி நின்றுவிட்டது. அவன் வர வெகுநேரமாயிற்று. அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். நான் அவனுக்குச் சோறு போட்டேன். அவன் சாப்பிட்டான். வண்டிச் செலவைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் காலை மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருமினாள். "காத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க மாமா. எனக்குத்தான் ஒடம்பு ஆகல" என்றாள்.

போய்விட்டது. அவள் பொய்யாக இருமவில்லை என்பதும் அந்த ஓர் இரவில் போய்விட்டது.

இப்போது நீங்கள் என்னைக் கேட்பீர்கள், மறுபடி சொல்ல வேண்டியதுதானே என்று. சொல்லலாம்... தினமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மத்தியானமும் அந்த முகம் மலரும். ஒவ்வொரு காலையும் அணையும். அதை அவளுக்காக வைத்திருக்க நினைவுள்ள ஒருவர் வேண்டும். அது அந்தோணிதான். அவனிடம் சொல்ல நான் ஐந்து மாதமாக நாள் பார்க்கிறேன். நேற்று முன்னறையில் அவன் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அந்தோணி" என்று கூப்பிட்டேன். "என்னப்பா?" என்றான். மீட்டரைப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டேன்.

அதனால்தான் உங்களிடம் எழுதுகிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. உரிமை உள்ளவளுக்கு நினைவு தங்கவில்லை. இதை ஒருநாள் அந்தோணி படிப்பான் என்ற பயத்தோடும், படிக்காமலே போய்விடுவானோ என்ற பயத்தோடும் எழுதுகிறேன். இரண்டில் எது பெரிய பயம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகை கட்டிவிட்டோம். நான்கு பக்கமும் சன்னல். இந்த நவம்பரில் புழு வைத்தோம். அந்தோணியும் கூலிக்கு வரும் ஒரு பெண்ணும் பார்த்துக்கொள்கிறார்கள். ஹீட்டர் ஓடுகிறது. இன்று காலை மீட்டரைப் பார்த்தேன். ஐந்நூற்று முப்பத்தெட்டு. தாண்டிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை!

மேரி என் பக்கத்தில் வந்து நின்று, அதில் ஓடும் எண்களைப் பார்த்தாள். கையில் ஏதோ வைத்திருந்தாள். அவளுடைய சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"உங்ககிட்ட இருக்கட்டுமுங்க மாமா. நான் எங்கயாச்சும் போட்ருவன்."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. எழுதும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் இடறுகிறது.

கணக்கை முடிக்காமல் எனக்கு எழுந்திருக்கத் தெரியாது. மிச்சம் பிடித்தது, குளிர்காலத்துக்கு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. போனது: சேலம் மருத்துவமனைக்கு ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூறு, அதன்பிறகு மருந்து, ஸ்கேன், போக்குவரத்து என்று அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது, கொட்டகைக்கும் ஹீட்டருக்கும் இரண்டு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. அவள் மறந்த பெயர்களுக்கு எந்த விலை போடுவது என்று தெரியாததால் அதைச் சேர்க்கவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். நான்கு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.